கை வைக்காத ஞாயிற்றுக்கிழமை

மேனேஜர் திரையில் போட்டுக் காட்டிய படத்தில் என்னைத் தேடினேன். காணவில்லை.

ஒரகடத்தில் கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. அன்று கான்ஃபரன்ஸ் அறையில் எல்லா டிபார்ட்மெண்ட்காரர்களும் உட்கார்ந்திருந்தோம். திரையில் கட்டம் கட்டமாகப் பெட்டிகள், நடுவே அம்புக்குறிகள். ஒரு பக்கம் அசெம்பிளி லைன், இன்னொரு பக்கம் டிஸ்பேட்ச், மேலே அக்கவுண்ட்ஸ். பழைய படத்தில் இவற்றுக்கெல்லாம் மத்தியில் ‘டேட்டாபேஸ்’ என்று ஒரு பெட்டி இருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் என் பதவி இருக்கும். புதிய படத்தில் அந்த இடத்தில் ஒரு மேகம் வரைந்திருந்தார்கள். மேகத்துக்குக் கீழே எதுவும் எழுதவில்லை.

“சர்வரையே இங்க வெச்சுக்கப் போறதில்லை. பேக்கப் எடுக்கறது, இடம் பத்துதான்னு பாக்கறது எல்லாம் கிளவுட் கம்பெனியே பாத்துக்கும். மிச்சத்தை டெவ்ஆப்ஸ்னு புதுசா வர்ற மூணு பேர் டீம் பாத்துக்கும்” என்றார் மேனேஜர். நல்ல மனிதர்தான். கெட்ட சேதியைக்கூட நல்ல சேதி மாதிரி சொல்லத் தெரிந்தவர்.

“அப்ப நான்?” என்று கேட்டேன்.

கூட்டத்தில் அப்படிக் கேட்கக்கூடாது என்று தெரியும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். கேட்டுவிட்ட பிறகுதான் அது கேட்கக்கூடாத கேள்வி என்பதே நினைவுக்கு வரும்.

“உங்களை விட்டுடுவோமா மேடம்? ஹெட் ஆபீஸ்ல ரிப்போர்ட்ஸ் செக்‌ஷன் இருக்கு. நிம்மதியான வேலை.”

அந்த செக்‌ஷனை எனக்குத் தெரியும். யாரோ சேர்த்த எண்களை வாங்கி, கலர் கலராகப் படம் போட்டு, மாதம் ஒருமுறை முதலாளிக்கு அனுப்புவார்கள். போக வேண்டியவர்களைப் போகச் சொல்லாமல் உட்கார வைக்கும் இடம். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சமையலறையில் பாத்திரங்களை உருட்டினேன். “யார் மேல கோபம்னு சொல்லிட்டு உருட்டு, நான் அடுத்த ரூமுக்குப் போயிடறேன்” என்றார் கணவர். சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. கோபமெல்லாம் வெளியே காட்டிக்கொள்ளத்தான். நாற்பதைத் தாண்டியவள். தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

என்ன தொழில் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு தொழிற்சாலையின் ஞாபகசக்தி என் பொறுப்பில் இருந்தது. எந்தப் பெட்டியில் எந்தப் பாகம், எந்த ஷிப்டில் செய்தது, தரம் பார்த்தார்களா, எந்த லாரியில் ஏறியது, எல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். லைனில் ஒரு பெட்டி நிறைந்ததும் அதற்கு பார்கோடு லேபிள் அடிப்பார்கள். லேபிளுக்கான எண்ணை டேட்டாபேஸ் கொடுக்கும். லேபிள் இல்லாத பெட்டி லாரியில் ஏறாது. எங்கள் சரக்கை வாங்கும் கார் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். அவர்கள் ஸ்டாக் வைத்துக்கொள்ளும் வழக்கமில்லை. லாரி வர வர எடுத்து மாட்டுவார்கள். எங்கள் லாரி தாமதமானால் அங்கே லைன் நிற்கும். அங்கே லைன் நின்றால் இங்கே தலைகள் உருளும்.

பிரிண்டரில் மை ரிப்பன் பாதி லேபிளில் தீர்ந்தோ அறுந்தோ போனால் ஒரு தொல்லை வரும். அந்தப் பெட்டிக்கு இன்னும் லேபிள் அடித்துக்கொண்டிருப்பதாகவே டேட்டாபேஸ் நினைத்துக்கொள்ளும். அடுத்த பெட்டிக்கு எண் தராது. உடனே லைன் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிடுவார். பென்னலூர்க்காரர், இந்தப் பக்கத்தில் முதல் கம்பெனி வந்த காலத்திலிருந்து லைனில் நிற்பவர். வணக்கம்கூட இருக்காது.

“மேடம், மாட்டிக்கினு கீது. ரிலீஸ் பண்ணி வுடுங்க.”

நான் உள்ளே நுழைந்து, மாட்டிக்கொண்டிருப்பதையெல்லாம் விடுவி என்று ஒரே வரிக் கட்டளை அடிப்பேன். அவர் போனை வைப்பதற்குள் அடுத்த லேபிள் வெளியே வந்துவிடும். “கை பட்டா போதும், ஓடிடுது” என்பார். அந்த வார்த்தைக்காகவே எத்தனையோ விஷயங்களை விட்டுக்கொடுத்திருக்கிறேன். என் தங்கைக்குத் தாலி கட்டும்போது நான் மண்டபத்து மாடிப்படியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். கெட்டிமேளம் மட்டும் கேட்டது. கணவர் என் போனுக்கு ‘மூத்த பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தார். அழுதால் உடனே தூக்க வேண்டும்.

லேபிள் மட்டுமல்ல. தேடல் மெதுவானால் வேகமாக்க ஏதாவது ஒன்றைச் சேர்ப்பேன். ஷிப்ட் முடிந்ததும் மிச்சம் மீதியைத் துடைக்க ஒரு சின்ன வேலையைத் தானாக ஓடும்படி வைப்பேன். கேட்டார்கள், செய்தேன், ஓடியது. யாரும் எழுதி வை என்று சொன்னதில்லை, நானும் எழுதி வைத்ததில்லை. அது தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அன்றைக்கு இருந்த வேலை முறை அது. அந்த முறையில்தான் இத்தனை வருஷமாக லாரிகள் கிளம்பின.

மறுநாள் காலையில் மேனேஜரின் அறைக்குப் போய் நின்றேன்.

“டீம்ல மூணு பேர்னு சொன்னீங்களே சார், மூணு பேரும் வந்தாச்சா?”

“ரெண்டு பேர் வந்தாச்சு. மூணாவது ஆளை வெளியில தேடிக்கிட்டிருக்கோம்.”

“தேட வேண்டாம். நான் வர்றேன்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “மேடம், அது வேற மாதிரி வேலை. எதையும் நேரா உள்ள போய் மாத்தக்கூடாது. எந்த மாத்தமா இருந்தாலும் புரோகிராம் கோடா எழுதணும், இன்னொருத்தர் படிச்சு அப்ரூவ் பண்ணணும், அப்புறம் பைப்லைன்னு ஒரு புரோகிராம் தானா கொண்டுபோய் டேட்டாபேஸ்ல வைக்கும். உங்களுக்கு... பழக்கம் இல்லையே.”

வயசு என்று சொல்ல வந்து பழக்கம் என்று மாற்றியது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் ஒற்றைக் காலில் நின்றேன். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஆயுத பூஜைக்கு ஆலையை மூடும்போது புதிய டேட்டாபேஸுக்கு மாறிவிட வேண்டும். அது முழுக்க எழுதி வைத்த கோடிலிருந்தே உருவாக வேண்டும். மாறிய பிறகு தீபாவளி வரை அதில் யாரும் நேராகக் கை வைக்காமல் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டிக் காட்டினால் மூன்றாவது இடம் எனக்கு. இல்லையென்றால் ரிப்போர்ட்ஸ்.

“சரி” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

எனக்கு அப்ரூவ் கொடுக்க வேண்டியவள் டீமில் ஏற்கெனவே இருந்த ஒரு பெண். தூத்துக்குடிப் பக்கம். படப்பையில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். என் வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருப்பாள். என்னை ‘அக்கா’ என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே நான் எழுதிய முதல் மாற்றத்தைத் திருப்பி அனுப்பினாள்.

“என்னக்கா இது, tmp2ன்னு பேரு வச்சிருக்கீங்க? நாளைக்குப் படிக்கவங்களுக்கு என்ன புரியும்?”

“எனக்குப் புரியும்.”

“உங்களுக்குப் புரியும்க்கா. நீங்க லீவுல போனா?”

“நான் லீவுல போறதில்லை.”

“அதத்தான்க்கா நானும் சொல்லுதேன்.”

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. சாயங்காலம் பெயரை மாற்றி எழுதி அனுப்பினேன். இந்த முறை ஒரு காற்புள்ளிக்காகத் திருப்பி அனுப்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் திருத்தினேன். கோடை எங்கே வைப்பது, பழையதை எப்படி மீட்பது, இரண்டு பேர் ஒரே இடத்தை மாற்றினால் எப்படிச் சேர்ப்பது, எல்லாம் எனக்குப் புதிது. குன்றத்தூரில் ஏறினால் மணிமங்கலம் தாண்டும்வரை கம்பெனி பஸ்ஸில் பாடம் கேட்டேன், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு. புரியாததை வந்து அவளிடமே கேட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது. கூச்சத்தைப் பார்த்தால் ரிப்போர்ட்ஸ்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒத்திகை நாள் வந்தது. கோடிலிருந்து புதிய டேட்டாபேஸ் எழுந்தது. ஒரு பிரிண்டரை மட்டும் அதில் மாட்டி லேபிள் அடித்துப் பார்த்தோம். பழையதில் சட்டென்று வரும் லேபிள் இதில் இழுத்துக்கொண்டு வந்தது. சூப்பர்வைசர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், மேகத்துலேர்ந்து இறங்கி வர்றதுக்கு இவ்ளோ நேரமா?”

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. நெட்வொர்க் மெதுவா, கிளவுட்டில் சின்ன இயந்திரம் எடுத்துவிட்டோமா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. காரணம் எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நான் வருஷக்கணக்கில் கையால் சேர்த்து வைத்த எதுவும் அந்தக் கோடில் இல்லை. கோடு எழுதியவர்கள் கம்பெனி முதலில் வாங்கிய வடிவத்தை வைத்து எழுதியிருந்தார்கள். அதற்கு மேல் நான் போட்டதெல்லாம் என் தலையிலும் அந்தப் பழைய சர்வருக்குள்ளும் மட்டுமே இருந்தது.

அன்று கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு ஏறிய டவுன் பஸ்ஸில், பக்கத்து சீட்டில், இன்னொரு தொழிற்சாலையில் இதே வேலை பார்த்த தோழி உட்கார்ந்திருந்தாள். வேலை போனவள். பழைய கம்பெனியில் ஏதோ காகிதம் வாங்குவதற்காக ஒரகடம் வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“சொல்லிடாதே” என்றாள் பட்டென்று. “நான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்தேன். ரொம்ப தேங்க்ஸ்னாங்க. அடுத்த மாசம் கிளம்பச் சொல்லிட்டாங்க. அவங்க தடவிக்கிட்டே இருக்கட்டும். உன்கிட்ட வந்துதானே ஆகணும்?”

அவள் சொன்னதில் பொய் இல்லை. நான் சும்மா இருந்தாலே போதும். புதியது இழுக்கும், லைன் கத்தும், மேனேஜர் பழைய சர்வரையே இன்னும் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளலாம் என்பார், படத்தில் மேகத்தை அழித்துவிட்டுப் பெட்டியை வரைவார்கள். ஆசையாகத்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மணிமங்கலம் ஏரி வந்து போனது. நான் எதையும் பார்க்கவில்லை.

யோசிக்க யோசிக்க எரிச்சல் வந்தது, தோழி மேல் அல்ல, அந்த ஏற்பாட்டின் மேல். ஒளித்து வைத்தால்தான் எனக்கு மதிப்பு என்றால், எனக்குத் தெரிந்த தொழிலுக்கு என்ன மதிப்பு? நான் வேலை செய்து பிழைத்தவள். யாரையும் இருட்டில் தடவ விட்டுப் பிழைத்தவள் இல்லை. அதோடு ஒளித்து வைத்து எத்தனை நாள் ஓட்ட முடியும்? எப்படியும் ஒரு நாள் கண்டுபிடிப்பார்கள். அன்றைக்கு அவர்கள் கண்ணில் நான் எப்படி இருப்பேன்? இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன். போவதாக இருந்தாலும் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுத்தான் போவேன்.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணை என் மேஜைக்குக் கூப்பிட்டு, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன்.

“பழசுல இருந்தும் புதுசுல இல்லாததெல்லாம் நான் கையால போட்டது. ஒண்ணொண்ணா சொல்றேன், நானே எழுதறேன். நீ படி.”

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “இவ்வளவுமாக்கா?”

“இவ்வளவும்.”

அதன்பிறகு ஆயுத பூஜை வரை எங்களுக்கு அதே வேலை. ஒவ்வொன்றுக்கும் ஏன் என்ற காரணத்தை எழுதச் சொன்னாள். காரணங்களைத் தேடினால் ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். இது ஒரு பொங்கலுக்கு முன்னால் லாரி வரிசையில் நின்றபோது போட்டது, இது தரப்பிரிவில் புதிதாக வந்தவர் கேட்டுப் போட்டது என்று. சிலவற்றுக்கு எனக்கே காரணம் தெரியவில்லை. “அப்ப எடுத்துப் பாப்போம்க்கா” என்பாள். எடுத்தோம். சில நேரம் ஒன்றும் ஆகவில்லை. சில நேரம் சோதனை ஓட்டம் சிவப்பாகக் கத்தியது, திரும்பப் போட்டோம். தரப்பிரிவு சந்தேகப்பட்டு நிறுத்தி வைக்கும் பெட்டிகளின் கணக்கு பழையதில் தனி இடத்தில் இருந்தது. அதனால் இரண்டு இடத்தில் தேட வேண்டியிருந்தது. புதியதில் அதை லேபிளுக்குக் காத்திருக்கும் பெட்டிகளின் கணக்கோடு ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தேன். அந்த மாற்றத்தை ஒரே தடவையில் அப்ரூவ் பண்ணினாள். வீட்டுக்குப் போய் அதைக் கணவரிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் மிக்சர் பாக்கெட்டைப் பிரித்துக் கொண்டாடினார்.

அடுத்த ஒத்திகையில் லேபிள் பழையபடி சட்டென்று வந்தது. சூப்பர்வைசர் அதைக் கிழித்துப் பார்த்துவிட்டு, “இப்ப இறங்குது” என்றார்.

ஆயுத பூஜையன்று லைனுக்கெல்லாம் மாலை, இயந்திரத்துக்கெல்லாம் சந்தனம். வழக்கமாக சர்வர் அறைக்கு நான்தான் பொட்டு வைப்பேன். பழைய சர்வருக்குக் கடைசியாக வைத்தேன். பின்னால் குங்குமத் தட்டோடு நின்ற சூப்பர்வைசருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“புச்சுக்கு எங்க மேடம் பொட்டு வெக்கறது? அது இங்க இல்லியே?”

அந்தப் பெண் தன் லேப்டாப்பை மூடி அவர் முன்னால் நீட்டினாள். அவர் பார்த்துப் பார்த்து மூடியின் நடுவில் வைத்தார். கேட்டில் பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி சாப்பிட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்தோம். வெளிச்சம் இருக்கும்போதே மாற்றி முடித்தோம். பொத்தானை அழுத்தியது நான் இல்லை. அவளும் இல்லை. அப்ரூவ் ஆனதும் பைப்லைன் தானே நகர்த்தி, தானே சரிபார்த்து, பச்சை காட்டியது. சும்மா கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

புதியதில் எனக்கு மட்டும் ஒரு லாகின் விட்டு வைத்திருந்தார்கள், நேராக உள்ளே போவதற்கு. ‘எமர்ஜென்சிக்கு’ என்றார் மேனேஜர். பயன்படுத்தினால் பதிவாகும். பதிவானால் நிபந்தனை உடைந்தது என்று அர்த்தம். ஆனாலும் அது இருப்பது எனக்குத் தைரியமாக இருந்தது. பர்ஸுக்குள் வைத்த வீட்டுச் சாவி மாதிரி, அடிக்கடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பண்டிகைக்குக் கூடுதலாக விட்ட லீவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்து ஈடுகட்டுவார்கள். தீபாவளிக்கு முன்னால் அப்படி ஒரு ஞாயிறு வந்தது. லைன் ஓடியது, ஆபீஸ் ஓடவில்லை. எனக்கு மனசு கேட்காமல் நான் மட்டும் வந்து உட்கார்ந்திருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சூப்பர்வைசர் போன் வந்தது.

“மேடம், மாட்டிக்கினு கீது. ரிப்பன் புட்டுக்கிச்சு. வண்டி ரெடியா நிக்குது, டிரைவர் வேற கத்திக்கினு கீறான்.”

“ஒரு ரிக்வெஸ்ட் போடுங்கண்ணா, நான் மாத்தம் எழுதி...”

“இன்னா மேடம் நீங்க! ரிக்வெஸ்ட் போட்டு, அதைப் படிச்சு, அப்ரூவ் பண்ணி... அங்க லைன் நின்னுடும். எப்பவும் பண்ற மாதிரி கை வெச்சு வுடுங்க. உங்களால முடியாதா?”

முடியும். அதுதான் பிரச்சனை. அந்த வரியை எழுத எனக்கு யோசிக்கக்கூட வேண்டாம். லாகின் திரையைத் திறந்துவிட்டேன். மாட்டிக்கொண்டிருப்பதையெல்லாம் விடுவி என்ற பழைய வரி விரலிலேயே இருந்தது. ஷெட்டிலிருந்து லாரியின் ஹாரன் என் ஜன்னல் வரைக்கும் கேட்டது. லாரி தாமதமானாலும் பெயர் கெடும், கை வைத்தாலும் இடம் போகும். லாரிக்காகக் கை வைத்தேன் என்றால் யாராவது குறை சொல்வார்களா? மேனேஜரே மன்னித்துவிடுவார். மன்னித்துவிட்டு ரிப்போர்ட்ஸுக்கு அனுப்புவார்.

திரையை மூடினேன். அதே வரியைக் கோடாக எழுதி அனுப்பிவிட்டு, ஹாஸ்டலில் இருந்த அவளுக்குப் போன் போட்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“சீக்கிரம் படிச்சு அப்ரூவ் பண்ணு. வண்டி நிக்குது.”

“இருங்கக்கா, கையத் தொடச்சுட்டு வாரேன்.”

காத்திருந்தேன். சூப்பர்வைசர் மறுபடி கூப்பிட்டார், எடுக்கவில்லை. அவள் மறுபடி போனில் வந்தாள்.

“அக்கா, இத அப்ரூவ் பண்ண முடியாது.”

“ஏன்?” கத்தினேன் என்றே சொல்ல வேண்டும்.

“மாட்டிக்கிட்டது எல்லாத்தையும் விடுவின்னு எழுதியிருக்கீங்க. தரப்பிரிவு நிறுத்தி வச்சதும் இப்ப அதே இடத்துலதானக்கா இருக்கு? அதுவும்லா சேந்து போயிரும்?”

எழுந்த கோபம் அப்படியே வடிந்தது. பழைய டேட்டாபேஸில் அந்த வரி சரி. அங்கே நிறுத்தி வைத்த பெட்டிகள் தனி இடத்தில் இருந்தன. அவற்றை ஒன்றாகக் கொண்டுவந்ததே நான்தான். தலைக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. அது பழைய வழியிலேயே போனது. அன்று காலையில்தான் தரப்பிரிவு சில பெட்டிகளை நிறுத்தி வைத்திருந்தது. உள்ளே இருந்தது பிரேக் பாகம். கை வைத்திருந்தால், லேபிள் ஒட்டி, அந்த லாரியிலேயே ஏறிப்போய், யாரோ ஒருவருடைய காரில் மாட்டியிருப்பார்கள்.

“அக்கா? இருக்கீங்களா?”

“இருக்கேன். அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் மாத்தி எழுதறேன். பாரு.”

எழுதினேன். படித்தாள், எழுத்து எழுத்தாக. நான் அவசரப்படுத்தவில்லை. அப்ரூவ் ஆனது, சோதனை பச்சையானது, லேபிள் வெளியே வந்தது. நான் ஷெட்டுக்குப் போனபோது லாரியின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

“முன்னல்லாம் ஒரு நிமிசத்துல முடிஞ்சுடும்” என்றார்.

ஓரமாக, சிவப்பு அட்டை கட்டி நின்ற தரப்பிரிவுப் பெட்டிகளைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் அந்தப் பெட்டிகளைப் பார்த்தார், கேட் தாண்டிக்கொண்டிருந்த லாரியைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு, “அய்யய்யோ” என்றார், மெதுவாக. அதற்கு மேல் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை.

மேலே வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். லைன் ஓடும் சத்தம் கேட்டது. லாகின் திரை இன்னும் அங்கேயே இருந்தது, திறந்தால் போகலாம் என்பது போல. இது இருக்கும்வரை அவர் கேட்பார், என் விரல் துடிக்கும், ஏதோ ஒரு நாள் அவள் போனை எடுக்காமல் போவாள் என்று தோன்றியது. அன்றைக்கு நான் என்ன செய்வேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னை எனக்குத் தெரியாதா?

இரண்டு மாற்றங்கள் எழுதினேன். முதலாவது, ரிப்பன் அறுந்தால் சூப்பர்வைசரே தன் திரையில் அந்த ஒரு பெட்டியை மட்டும் விடுவித்துக்கொள்ள ஒரு பொத்தான். அதைச் சோதித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் ஆகும். இரண்டாவது ஒரே வரி. நேராக உள்ளே போகக்கூடியவர்கள் என்ற இடத்தில் இருந்த ஒரே பெயரை எடுத்தேன். என் பெயர். காரணம் எழுதும் இடத்தில், ‘தேவையில்லை’ என்று எழுதினேன்.

அவளே கூப்பிட்டாள். இந்த முறை தண்ணீர் சத்தம் இல்லை.

“அக்கா, உங்க பேரையே எடுக்கீங்க. தெரிஞ்சுதான் பண்ணுதீங்களா?”

“தெரிஞ்சுதான்.”

“தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்குக்கா. அதுக்குள்ள சார் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டா? இது இருந்தாலாவது உங்கள விட முடியாம இருப்பாங்க. இதயும் எடுத்துட்டா உங்க கைல என்னக்கா இருக்கும்?”

அவள் என் பக்கம் நின்று கேட்டாள். அது எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது. பஸ் தோழி சொன்னதையேதான் இவளும் சொல்கிறாள் என்பதும் புரிந்தது.

“எனக்குத் தெரிஞ்சது இருக்கும்” என்றேன். “அதுக்கு வேலை குடுத்தா பண்றேன். இந்தச் சாவிக்காக எவனும் என்னை வெச்சுக்க வேண்டாம். நல்லாப் படிச்சியா? தப்பு இருக்கா?”

அந்த ஒரு வரியை இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தாள்.

“தப்பு இல்லக்கா.”

“அப்ப அப்ரூவ் பண்ணு.”

பண்ணினாள். பச்சை எரிந்தது. லாகின் திரையில் பழக்கத்தில் என் பெயரை அடித்துப் பார்த்தேன். அனுமதி இல்லை என்று வந்தது.